மார்ச் மாதம் யாருக்கு வாக்களிப்பது?

கேள்வி: நாசரேத்திலிருந்து வந்து டாலஸ் அருகே பிளேனோவில் குடியேறிய தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம் எங்களுடையது. நானும் என் மனைவியும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டோம். கருக்கலைப்பு, குடும்பம், மத சுதந்திரம் ஆகியவற்றில் எங்கள் கருத்து குடியரசுக் கட்சிக்கு நெருக்கமானது. 2028 அதிபர் தேர்தலுக்கு முன், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் உட்கட்சித் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்க இருக்கிறோம். "கர்த்தருக்குப் பயந்து நடக்கிறவருக்குத்தான் ஓட்டு" என்கிறார் என் மனைவி. "ஜெயிக்க முடியாத நல்லவருக்குப் போடுவதும் எதிர்க்கட்சிக்குப் போடுவதும் ஒன்றுதான்" என்கிறார்கள் சபை நண்பர்கள். சென்ற முறை விவேக் ராமசாமி நின்றபோது, ஓர் இந்துவுக்குக் கிறிஸ்தவர் வாக்களிக்கலாமா என்று ஜெபக்கூட்டம் முடிந்த பின் பெரிய விவாதமே நடந்தது. எதை அளவுகோலாகக் கொள்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வேட்பாளரின் விசுவாசம் எவ்வளவு முக்கியம், அவர் வெல்வாரா என்பது எவ்வளவு முக்கியம், வேறு மதத்தவரை எப்படிப் பார்ப்பது என்பவை அவை. அமெரிக்கத் தேர்தல் அரசியலைக் கற்பிப்பது என் தொழில். வேத போதனை என் தொழில் அல்ல. ஆகவே யாருக்கு வாக்களித்தால் பாவம் என்பதை உங்கள் போதகரிடம் விட்டுவிடுகிறேன். ஆனால் உங்களைப் போன்ற கிறிஸ்தவப் பழமைவாத வாக்காளர்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இதே குழப்பத்தோடு வாக்களித்து வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நான் சொல்ல முடியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கட்சித் தேர்தலில், உங்கள் மாநிலம் வாக்களிக்கும் நாளன்று களத்தில் இருப்பவர்களுள் நீங்கள் உண்மையாகவே விரும்புகிறவருக்கு வாக்களியுங்கள். விட்டுக்கொடுப்பதற்கு நவம்பர் மாதப் பொதுத்தேர்தல் இருக்கிறது. ஆனால் யாரை விரும்புவது என்பதை அவர் மேடையில் சொல்லும் விசுவாச சாட்சியை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். இந்த இரண்டாவது பகுதியில்தான் உங்கள் மனைவியோடு நான் சற்று மாறுபடுகிறேன்.

தம்மை "மறுபடியும் பிறந்தவர்" என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு 1976இல் அதிபரானவர் ஜிம்மி கார்ட்டர். தெற்கத்திய பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியராக இருந்தவர், ஜனநாயகக் கட்சிக்காரர். உள்நாட்டுப் போரில் பிரிந்துசென்ற பழைய தென்மாநிலங்களில் வர்ஜீனியா தவிர அனைத்தும் அன்று அவருக்கு வெற்றியைத் தந்தன. நான்கே ஆண்டுகளில், விவாகரத்தாகி மறுமணம் செய்த முன்னாள் ஹாலிவுட் நடிகரான ரொனால்ட் ரீகன் போட்டியிட்டபோது, அதே மாநிலங்களில் கார்ட்டருக்கு மிஞ்சியது சொந்த மாநிலமான ஜார்ஜியா மட்டுமே. 1980 ஆகஸ்டில் உங்கள் டாலஸ் நகரத்தில்தான் அந்தத் திருப்பம் கண்கூடாகத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான போதகர்களும் விசுவாசிகளும் கூடியிருந்த அரங்கில் ரீகன், "நீங்கள் எனக்கு ஆதரவு அறிவிக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் உங்களுக்கு ஆதரவு அறிவிக்கிறேன்" என்ற பொருளில் பேசினார். கார்ட்டரின் ஜெப வாழ்க்கையை யாரும் சந்தேகிக்கவில்லை. அவருடைய ஆட்சி தங்கள் பள்ளிகளுக்கும் குடும்பங்களுக்கும் எதிராகப் போகிறது என்று அந்த மக்கள் நினைத்தார்கள். ரீகனின் ஆட்சி தங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று நம்பினார்கள். "நம்மைச் சேர்ந்தவர்" என்பதும் "நமக்காக நிற்பவர்" என்பதும் வேறு வேறு என்று இந்த வாக்காளர்கள் அப்போதே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

அதன் பிறகும் "நம்மைச் சேர்ந்தவரை" நிறுத்திப் பார்க்கும் முயற்சி ஓயவில்லை. அதற்கு ஏற்ற இடமாக அமைந்தது, குடியரசுக் கட்சியில் முதலில் வாக்களித்து வந்த அயோவா மாநிலம். அங்கே குடியரசுக் கட்சியினர் நடத்தும் காக்கஸ் கூட்டம் நீங்கள் பார்த்துப் பழகிய வாக்குச்சாவடியைப் போல இருக்காது. ஜனவரி குளிரில் இரவு ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத்திலோ சபை மண்டபத்திலோ அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை பேசுவார். பிறகு வெற்றுத் துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதிப் போட, அங்கேயே எண்ணிச் சொல்வார்கள். பனியில் கிளம்பி வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பொறுமையும், ஒருவரையொருவர் வண்டியில் ஏற்றி வரும் பழக்கமும் உள்ளவர்களுக்குச் சாதகமான முறை இது. ஞாயிறுதோறும் கூடுகிற சபையாருக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அங்கே வருபவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஆறு பேர் தம்மைச் சுவிசேஷக் (எவாஞ்சலிக்கல்) கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்பவர்களாகவே அண்மைத் தேர்தல்களில் இருந்திருக்கிறார்கள்.

விளைவைப் பாருங்கள். 1988இல் தொலைக்காட்சிச் சுவிசேஷகர் பேட் ராபர்ட்சன், அன்றைய துணை அதிபர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ்ஷையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளி இரண்டாவதாக வந்தார்; இறுதியில் கட்சியின் வேட்பாளரானவர் புஷ். 2008இல் முன்னாள் பாப்டிஸ்ட் போதகர் மைக் ஹக்கபி அயோவாவை வென்றார்; வேட்பாளரானவர் ஜான் மெக்கெய்ன். 2012இல் கத்தோலிக்கரான ரிக் சாண்டோரம் வென்றார். வேட்பாளரானவர் மிட் ராம்னி. 2016இல் டெட் குரூஸ் வென்றார். வேட்பாளரானவர் டொனால்ட் டிரம்ப். இதற்கு நல்ல விதிவிலக்கு 2000ஆம் ஆண்டின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். உங்களுக்குப் பிடித்த அரசியல் சிந்தனையாளர் யார் என்று முந்தைய டிசம்பரில் அயோவாவின் தலைநகர் டெமாயினில் நடந்த விவாதத்தில் கேட்டபோது, கிறிஸ்து என்று பதில் சொன்னவர் அவர். ஆனால் அவரிடம் சாட்சி மட்டும் இருக்கவில்லை. கட்சி நிர்வாகிகளும் நன்கொடையாளர்களும் டெக்சஸ் ஆளுநர் என்ற பதவியும் சேர்ந்தே இருந்தன. சபையாரின் ஆதரவோடு சபைக்கு வெளியே உள்ளவர்களின் ஆதரவும் கிடைத்தவரே இறுதிவரை போகிறார்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவுதான்: கிறிஸ்தவப் பழமைவாத வாக்குகள் சிதறும்போது அவை யாருக்கும் உதவுவதில்லை. 2008இல் தென் கரோலினாவில் மெக்கெய்ன் பெற்றது 33 சதவீதம், ஹக்கபி பெற்றது 30 சதவீதம். ஏறத்தாழ 16 சதவீதத்தை இன்னொரு பழமைவாதியான ஃபிரெட் தாம்ப்சன் எடுத்துக்கொண்டார். அந்த அனுபவத்தால்தான் 2012 ஜனவரியில் சுமார் 150 சுவிசேஷத் தலைவர்கள் டெக்சஸில் ஒரு பண்ணை வீட்டில் கூடி, சாண்டோரமுக்கு ஆதரவு என்று முடிவெடுத்தார்கள். ஒரே வாரத்தில் தென் கரோலினா வாக்காளர்கள் அந்த முடிவைத் தூக்கி எறிந்துவிட்டு, மூன்று முறை திருமணம் செய்த முன்னாள் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நியூட் கிங்ரிச்சுக்கு 40 சதவீதம் கொடுத்தார்கள். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு சார்ல்ஸ்டன் விவாதத்தில், இரண்டாவது மனைவியின் குற்றச்சாட்டைப் பற்றி முதல் கேள்வியே எழுந்தது. கிங்ரிச் ஊடகங்களைக் கடுமையாகச் சாடியதும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அயோவாவில் ராம்னி எட்டு வாக்குகளில் முன்னணி என்று சொல்லப்பட்டது தவறு, உண்மையில் சாண்டோரமே 34 வாக்குகளில் முந்தியவர் என்று இறுதிக் கணக்கு வெளியானதும் அதே நாளில்தான். அந்தச் செய்தியைக் கேட்க அன்று யாருக்கும் நேரமில்லை.

இதில் தலைவர்களுக்கு ஒரு பாடம் இருந்தது. அதை டிரம்ப்தான் முதலில் படித்துக்கொண்டார். 2016இல் அவர் தம்மை விசுவாச வீரராகக் காட்டிக்கொள்ளப் பெரிதாக மெனக்கெடவில்லை. உச்ச நீதிமன்றத்துக்குத் தாம் நியமிக்கக்கூடிய நீதிபதிகளின் பட்டியலை மே மாதம் வெளியிட்டார். பதவிக்கு வந்து மூன்று நீதிபதிகளை நியமித்தார். 2022 ஜூன் 24 அன்று கருக்கலைப்பு பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களிடம் திருப்பிவிட்ட டாப்ஸ் தீர்ப்பின் பெரும்பான்மையில் அம்மூவரும் இருந்தார்கள். சுவிசேஷ வாக்காளர் பலர் அந்தத் தீர்ப்போடு கணக்கு நேராகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். அயோவாவின் செல்வாக்குமிக்க சுவிசேஷத் தலைவர் பாப் வாண்டர் பிளாட்ஸ், முந்தைய மூன்று போட்டிகளிலும் முறையே ஹக்கபி, சாண்டோரம், குரூஸ் என வென்றவர்களையே ஆதரித்தவர். 2023 நவம்பரில் அன்றைய புளோரிடா ஆளுநர் ரான் டிசாண்டிஸை ஆதரித்தார். இரண்டு மாதம் கழித்து அயோவாவில் டிரம்ப் 51 சதவீதம் பெற்றார். எல்லாரையும்விடச் சபை மொழி சரளமாக வரும் முன்னாள் துணை அதிபர் மைக் பென்ஸ், முதல் வாக்கு விழும் முன்பே, 2023 அக்டோபரில் விலகிவிட்டார்.

உங்கள் மனைவியின் பக்கம் நான் உறுதியாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. கிளிண்டன் விவகாரம் வெடித்த 1998இல், அரசுப் பதவி வகிப்போரின் ஒழுக்கம் பற்றித் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. தலைவர்களின் பெரிய தவறுகளைச் சகித்துக்கொண்டால் சமுதாயத்தின் மனசாட்சி மரத்துப்போகும் என்பது அதன் சாரம். தனிவாழ்வில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுப் பணியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று பிஆர்ஆர்ஐ ஆய்வு நிறுவனம் 2011இல் கேட்டபோது, வெள்ளை இனச் சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் 30 சதவீதம் பேரே முடியும் என்றார்கள். 2016 அக்டோபரில் அதே கேள்விக்கு 72 சதவீதம் பேர் முடியும் என்றார்கள். ஐந்தாண்டுகளில் வேதம் மாறவில்லை; வேட்பாளர் மாறினார். 30 சரி என்றோ 72 சரி என்றோ நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இரண்டுக்கும் நியாயம் சொல்ல முடியும். ஆனால் எதிர்க்கட்சிக்காரருக்கு ஓர் அளவுகோல், நம்மவருக்கு வேறோர் அளவுகோல் என்று வைத்திருப்பவரின் ஒழுக்கப் பேச்சை அவருடைய சொந்தப் பிள்ளைகளே மதிக்க மாட்டார்கள். நீங்கள் இருவரும் வேட்பாளர்களின் பெயர்கள் தெரியவரும் முன்பே, எந்தத் தவறை மன்னிப்பீர்கள், எதை மன்னிக்க மாட்டீர்கள் என்று பேசி வைத்துக்கொள்வது நல்லது.

"வெல்லக்கூடியவர்" என்ற வாதத்துக்கு வருவோம். இதைச் சொல்கிறவர்கள் வருங்காலத்தை அறிந்தவர்களைப் போலப் பேசுகிறார்கள். 2008இலும் 2012இலும் மெக்கெய்னும் ராம்னியும் வெல்லக்கூடியவர்கள் என்றே முன்னிறுத்தப்பட்டார்கள். இருவரும் ஒபாமாவிடம் தோற்றார்கள். 2016இல் பொதுத்தேர்தலில் எடுபடவே மாட்டார் என்று கட்சிக்குள்ளேயே பலர் கணித்த டிரம்ப் வென்றார். அனுபவம் மிக்கவர்களே இவ்வளவு தவறும் ஒரு கணிப்பை நம்பி, உங்கள் சொந்த விருப்பத்தை ஏன் கைவிட வேண்டும்? தவிர, உட்கட்சித் தேர்தலில் தோற்கும் வாக்கும் செய்தி சொல்லும் வாக்குதான். ஹக்கபிக்கும் சாண்டோரமுக்கும் விழுந்த வாக்குகளை எண்ணிப் பார்த்தவர்கள்தான், இந்த வாக்காளர்களுக்கு என்ன தர வேண்டும் என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

ஆனால் கணக்குப் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அது உங்கள் மாநிலத்தின் நாள்காட்டியும் விதிகளும். டெக்சஸ் வாக்களிப்பது வழக்கமாக மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அதற்குள் அயோவா, நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா போன்ற மாநிலங்கள் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். 2008இல் ஹக்கபி அதுவரை தாக்குப்பிடித்து, டெக்சஸில் தோற்ற இரவிலேயே விலகினார். 2012இல் தொகுதி எல்லை வழக்கால் உங்கள் மாநிலத் தேர்தல் மே 29 வரை தள்ளிப்போனது; சாண்டோரம் ஏப்ரலிலேயே விலகிவிட்டதால், வேட்பாளராக ராம்னிக்குத் தேவையான 1,144 மாநாட்டுப் பிரதிநிதிகளை நிறைவு செய்து கொடுத்ததே டெக்சஸின் பங்காக மிஞ்சியது. 2016இல் மாநிலத்தின் 155 பிரதிநிதிகளில் குரூஸ் 104 பேரையும் டிரம்ப் 48 பேரையும் பெற்றார்கள். ஏறத்தாழ 18 சதவீத வாக்கு வாங்கிய மார்கோ ருபியோவுக்குக் கிடைத்தது மூன்றே பேர். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மாநில அளவிலான பங்கு கிடையாது என்ற விதி அவரைச் சாய்த்தது. பத்துச் சதவீதத்தைத் தொட முடியாமல் தவிக்கும் ஒருவருக்கு நீங்கள் போடும் வாக்கு டெக்சஸில் ஒரு பிரதிநிதியைக்கூடப் பெற்றுத் தராமல் போகலாம். அது தெரிந்தும் போட விரும்பினால் தாராளமாகப் போடுங்கள். 2028க்கான விதிகளை மாநிலக் கட்சி அறிவிக்கும்போது இந்த ஓர் அம்சத்தை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். அதனாலேயே முன்கூட்டி வாக்களிப்பதில் அவசரம் வேண்டாம் என்பேன். முன்வாக்களிப்பின் முதல் நாளில் போட்டுவிட்டு வந்த பிறகு, உங்கள் வேட்பாளர் தென் கரோலினாவோடு விலகிவிட்டால் அந்த வாக்கைத் திரும்பப் பெற முடியாது.

ராமசாமி பற்றிய கேள்வி. பாலக்காட்டிலிருந்து குடியேறிய தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளை என்பதால், உங்கள் ஜெபக்கூட்டத்தில் அந்த விவாதம் சூடாக நடந்ததில் வியப்பில்லை. அரசுப் பதவிக்கு மதத் தகுதி எதையும் நிபந்தனையாக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு சொல்கிறது. அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துமே தவிர, வாக்காளரின் மனதைக் கட்டுப்படுத்தாது. எனவே மதத்தைக் கருத்தில் கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு, கொள்ளாமல் விடவும் உரிமை உண்டு. 2023 டிசம்பரில் டெமாயினில் நடந்த சிஎன்என் நிகழ்ச்சியில் ஒரு வாக்காளர் இதையே அவரிடம் நேரில் கேட்டார். அவர் தம் இந்து நம்பிக்கையை மறைக்கவில்லை. கிறிஸ்தவத்தைப் பரப்புவதற்கு ஏற்ற அதிபராகத் தம்மால் இருக்க முடியாது, அது அதிபரின் வேலையும் அல்ல என்று சொல்லி, மதசுதந்திரத்துக்காக நிற்பது தம் கடமை என்றார். கேள்வியும் பதிலும் கண்ணியமாகவே இருந்தன. அயோவாவில் அவர் நான்காவதாக வந்து அன்றிரவே விலகியதற்கு மதம் எவ்வளவு காரணம், டிரம்ப்பின் நிழல் எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்வது கடினம். நிழலே பெரிது என்பது என் எண்ணம்.

இதற்கு முன்னுதாரணமாகப் பார்க்க வேண்டியவர் ராம்னி. மார்மன் சபையைச் சேர்ந்த அவர், சுவிசேஷ வாக்காளரின் தயக்கத்தைப் போக்குவதற்காகவே 2007 டிசம்பரில் டெக்சஸின் காலேஜ் ஸ்டேஷனில் தம் விசுவாசம் பற்றித் தனியாக உரையாற்ற வேண்டியிருந்தது. 2012 உட்கட்சித் தேர்தலிலும் அந்தத் தயக்கம் தீரவில்லை. ஆனால் நவம்பரில் வெள்ளை இனச் சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் அவருக்கே வாக்களித்தார்கள். புகழ்பெற்ற சுவிசேஷகர் பில்லி கிரகாமின் அமைப்பு, மார்மன் சபையைத் தவறான உபதேசக் குழு என்று குறிப்பிட்ட பக்கத்தைத் தேர்தலுக்குச் சற்று முன்பு தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. மார்ச்சில் இறையியல், நவம்பரில் அரசியல் என்று அந்த வாக்காளர்கள் தாமாகவே பிரித்துக்கொண்டார்கள். அதில் எனக்குக் கபடம் எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் வேட்பாளரிடம் எதைத் தேடுவது? டாப்ஸ் தீர்ப்புக்குப் பின், கருக்கலைப்பு விஷயத்தில் அதிபரின் கையில் இருப்பது என்ன என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கருக்கலைப்புக்கு உதவும் வெளிநாட்டு அமைப்புகளுக்கு அமெரிக்க நிதி கிடையாது என்ற கொள்கையை 1984இல் ரீகன் கொண்டுவந்தார். அதன் பிறகு ஜனநாயகக் கட்சி அதிபர்கள் அதை நீக்குவதும் குடியரசுக் கட்சி அதிபர்கள் திரும்பக் கொண்டுவருவதும் சடங்காகிவிட்டன. இதை எந்தக் குடியரசுக் கட்சி வேட்பாளரும் செய்வார். இதற்காக ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. வேட்பாளர்கள் உண்மையில் மாறுபடும் இடங்கள் வேறு: கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோனுக்கு உணவு, மருந்து நிர்வாகம் 2000இல் கொடுத்த அனுமதியை என்ன செய்வார், அதைத் தபாலில் அனுப்புவதற்கு எதிராக 1873ஆம் ஆண்டின் காம்ஸ்டாக் சட்டத்தைப் பயன்படுத்துவாரா, எத்தகைய நீதிபதிகளை நியமிப்பார். 2024 ஜூலையில் மில்வாக்கியில் ஏற்கப்பட்ட கட்சியின் கொள்கை அறிக்கையில், பல பத்தாண்டுகளாக இருந்துவந்த தேசியத் தடைக்கான வாசகம் கைவிடப்பட்டு, மாநிலங்களே முடிவு செய்யட்டும் என்ற நிலை எடுக்கப்பட்டது. உங்கள் வேட்பாளர் அதை ஏற்கிறாரா, மாற்ற நினைக்கிறாரா என்பது, அவர் எந்தச் சபைக்குப் போகிறார் என்பதைவிட உங்களுக்குப் பயனுள்ள தகவல். குடியேறிகள் என்ற முறையில், எச்-1பி விசாவுக்கு 2025 செப்டம்பரில் விதிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம், பிறப்புக் குடியுரிமை ஆகியவை பற்றியும் கேளுங்கள். அவையும் உங்கள் சபைக் குடும்பங்களைத் தொடும் விஷயங்கள்தான்.

இனி நடைமுறை. டெக்சஸில் வாக்காளர் பட்டியலில் கட்சிப் பதிவு கிடையாது. உட்கட்சித் தேர்தல் நாளில் குடியரசுக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கினால் போதும். அதற்குப் பிறகு அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் இரண்டாம் சுற்றில் வாக்களிக்க முடியாது. வாக்காளர் பதிவு மட்டும் தேர்தலுக்கு முப்பது நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். அதே சீட்டில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள், சட்டமன்ற உறுப்பினர்கள் போன்ற பதவிகளுக்கான போட்டியும் இருக்கும். கருக்கலைப்புச் சட்டம் மாநிலத்தின் கைக்கு வந்துவிட்ட நிலையில், அந்தப் பெயர்களைப் படிக்காமல் அதிபர் வேட்பாளருக்கு மட்டும் குறியிட்டுவிட்டு வருவது பெரிய இழப்பு.

இன்னொன்றும் உண்டு, புதிதாகக் குடியுரிமை பெற்றவர்கள் பெரும்பாலும் கேள்விப்படாதது. உட்கட்சித் தேர்தலை ஒட்டி, உங்கள் வாக்குச்சாவடிப் பகுதிக்குரிய கட்சிக் கூட்டம் நடக்கும். அந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் வாக்களித்தவர் எவரும் அதில் பங்கேற்று, கொள்கை அறிக்கைக்கான தீர்மானத்தை முன்மொழியலாம், மாவட்ட மாநாட்டுக்குப் பிரதிநிதியாகவும் போகலாம். அங்கிருந்துதான் மாநில மாநாட்டுக்கு வழி போகிறது. இத்தகைய கூட்டங்களில் பல நேரங்களில் நாற்காலிகளே நிறைவதில்லை. நீங்களும் உங்கள் மனைவியும் வெவ்வேறு வேட்பாளருக்கு வாக்களித்திருந்தாலும் இருவருமே போகலாம். தேதியையும் இடத்தையும் காலின் மாவட்டக் கட்சி அலுவலகத்தில் பிப்ரவரியிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.